தும்மல் சோதனைக்கு உட்பட்ட நூல்கள்

கண்ணாடிக்குளம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மூடிப்போன அரிசி ஆலையின் நெல் கிட்டங்கியில் பழைய புத்தகக் கடை வைத்திருந்த மரியந்தோணி அண்ணாச்சியிடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, சர்வே ஆபீஸ் பியூன் சுடலைமணி வந்து, முதுகு பிய்ந்த ஒரு பைண்டு புத்தகத்தைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோய், தகரக் கூரை அதிரும்படி ஒரு தும்மல் போட்டுவிட்டு, "இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டபோது, அந்தக் கேள்வி, செத்துப்போய் ஒன்பது வருஷமான டாக்டர் நல்லதம்பியின் குரலில் வந்தது.

புத்தகக் கட்டுக்குச் சணல் சுற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சி நிமிராமலே, "இல்லயே டாக்டர்," என்றார். அப்புறம்தான் நிமிர்ந்தார். நிமிர்ந்தவர், வந்ததுதான் வந்துவிட்டார், சும்மா அனுப்புவானேன் என்று, "டாக்டர், எனக்கு முட்டுவலிக்கு ஒரு மாத்திரை எழுதுவியள்லா, மஞ்சக் கலர்ல, அது பேரு என்ன?" என்று கேட்டார்.

"எனக்கெப்படித் தெரியும் அண்ணாச்சி, நான் சுடலைமணிலா," என்றது டாக்டரின் குரல், பெரிய இடத்து நோயாளிகளுக்கு மட்டும் அவர் தனியாக எடுத்து வைத்திருந்த அந்தக் குழைவோடு.

பக்கத்து டீக்கடை ராசையா ஒரு தம்ளர் சுக்குக் காப்பி கொடுத்தார். குடித்ததும் குரல் இறங்கிவிட்டது. சுடலைமணி தன்னுடைய பழைய கீச்சுக் குரலில், "அப்பம் ரெண்டாம் பாகம் இல்லங்கிய," என்று உறுதிப்படுத்திக்கொண்டு ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தார். நடந்தது அவ்வளவுதான்.

வியாழக்கிழமைக்குள் ஊர் இதைப் பழகிக்கொண்டது. அந்தக் கடையில் எந்தப் புத்தகத்தின் தூசிக்குத் தும்மினாலும், தும்மியவருக்கு அந்தப் புத்தகத்தின் சொந்தக்காரர் குரல் வரும், நாக்கு தும்மியவருடையது, சொல்லும் அவருடையது, குரல் மட்டும் இரவல், ராசையாவின் சுக்குக் காப்பி தொண்டையில் இறங்கும்வரைக்கும் இருக்கும் என்பதையெல்லாம் யாரும் யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. தாசில்தார் வீட்டு மங்களத்தம்மாள் தன் மருமகனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, காலமான தாசில்தாரின் சட்டப் புத்தகத்துக்கு முன்னால் நிறுத்தித் தும்மவைத்து, "மீன்கொழம்பு நல்லாருக்கு மங்களம்" என்று ஏழு தடவை சொல்லச் சொன்னாள். தாசில்தார் முப்பத்தொரு வருஷம் சாப்பிட்டும் ஒரு தடவைகூடச் சொல்லாத வாக்கியம் அது. மருமகன், "மீன்கொழம்பு நல்லாருக்கு சொல்லிருதேன் அத்தை, பேரு மட்டும் எப்படிச் சொல்ல," என்று தாசில்தார் குரலில் வெட்கப்பட்டு நெளிந்ததைப் பார்க்க அன்றைக்குக் கடைவாசலில் நிற்க இடமில்லை. கான்ஸ்டபிள் ஒருவர், மாற்றலாகிப்போன பழைய இன்ஸ்பெக்டரின் குரலைத் தும்மி வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன் போட்டுத் தனக்குத்தானே மூன்று நாள் லீவு கொடுத்துக்கொண்டார். மாதா கோயிலில் பங்குச்சாமியார் பூசை முடிவில் வாசித்தார்: "தும்மிய குரலோடு பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர்கள், அது யாருடைய பாவம் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." பேரூராட்சி பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிப்போட்டார்கள்: இறந்தவர் குரலில் வந்து இறப்புச் சான்று கேட்போரும் வரிசையில்தான் நிற்க வேண்டும். டவுன் பஸ் கண்டக்டர், பஸ் ஸ்டாண்டு என்று சொல்வதை விட்டு, "தும்மக்கடையெல்லாம் எறங்கு, தும்மக்கடையெல்லாம் எறங்கு," என்று கத்தினார்.

செத்தவர்கள் குரல்தான் வரும் என்றில்லை. ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் கடைக்குப் போட்ட புத்தகத்துக்கு யாரோ தும்மிவிட்டுப் போக, அவர் குரல் எதிர்வரிசையில் வெண்டைக்காய் பேரம் பேசுவதை அவரே நின்று கேட்டு, "நான் இவ்வளவு கறாராவா பேசுவேன்," என்று மனம் நொந்து வீட்டுக்குப் போனார்.

"யாரு கடைசியா நெஞ்சறிய 'இது என்னுது'ன்னு நெனச்சாவளோ அவுக கொரல் வரும்," என்று மரியந்தோணி அண்ணாச்சி ஒரு கணக்குச் சொன்னார். "எனக்கு இதெல்லாம் சரக்கு. ஒண்ணையும் என்னுதுன்னு நெனச்சது கெடையாது. நெனச்சா விக்க முடியுமா?"

இந்தத் தும்மலால் ஊரில் வயிற்றெரிச்சல் பட்ட ஒரே ஆள், டெய்லர் செல்வபுஷ்பத்தின் மகள், பதினொண்ணாம் வகுப்பு பெனினா. காரணம் நியாயமானதுதான். ஊரில் நூற்றுப் பன்னிரண்டு பேருடைய குரல் அவள் தொண்டைக்குள் இருந்தது. உளுந்து வியாபாரியின் ஒலிபெருக்கிக் குரல், மாதா கோயிலில் மணியடிக்கிற கோயில் பிள்ளையின் மூக்குக் குரல், நாத்தனாரைப் பார்த்ததும் தேனாகும் நாலாம் வீட்டுக்காரியின் குரல், எல்லாம் கேட்ட மாத்திரத்தில் வரும். ஒரு தடவை தலைமையாசிரியையின் குரலில், "இன்றைக்கு அரை நாள் விடுமுறை," என்று படிக்கட்டுக்கு அடியிலிருந்து அவள் அறிவிக்க, பிள்ளைகளோடு சேர்ந்து தலைமையாசிரியையும் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், சோறு வடிக்கும்போதுதான் யோசித்தார். இத்தனை வருஷம் காதைத் தீட்டிக் கற்ற வித்தையை, எவனும் மூக்கைத் தேய்த்து ஒரு நிமிஷத்தில் செய்துவிடுகிறான் என்றால் யாருக்குத்தான் ஆறும்.

ஆனால் அந்த நூற்றுப் பன்னிரண்டில் ஒரு குரல் மட்டும் இல்லை. அவள் அப்பா ஜெபராஜ், லாரி டிரைவர், வாழைத்தார் ஏற்றிப் போன இடத்தில் மேட்டுச் சரிவில் பிரேக் பிடிக்காமல் போனபோது பெனினாவுக்குப் பத்து மாசம். வீட்டில் லாரியில் சாய்ந்து நிற்கிற ஒரு போட்டோ இருந்தது, ஒரு சீப்பு இருந்தது, குரல் இல்லை. "அன்னைக்கெல்லாம் போன்ல பேசத்தான் செய்வோம், கொரலப் பிடிச்சா வைப்போம்," என்பாள் அம்மா. அப்பா எப்படிப் பேசுவார் என்று பெனினா ஊரெல்லாம் கேட்டுவைத்திருந்தாள். தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டினால் போல என்றார் ராசையா. சீ, அந்தப் பிள்ளை தேன் மாதிரிலா பேசும் என்றாள் மங்களத்தம்மாள். எல்லாவற்றையும் கலந்து பெனினா தினமும் ஒன்று தயாரித்து, தையல் மெஷினுக்குப் பின்னால் வந்து நின்று, "ஏட்டி புஷ்பம், சோறு ஆயிட்டா?" என்பாள். செல்வபுஷ்பம் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இல்ல," என்பாள். சோற்றைச் சொல்கிறாள் என்று வெளியாள் நினைப்பான். அது குரலுக்கான பதில்.

ஆகவே வயிற்றெரிச்சல் தீர்ந்த ஒரு மத்தியானம் பெனினாவுக்கு உறைத்தது: அப்பாவுக்கும் புத்தகப் பைத்தியம் உண்டே.

"உண்டேவா," என்றாள் அம்மா, பாபினை மாட்டிக்கொண்டே. "லோடு எறக்குன ஊருல எல்லாம் பழைய புத்தகக் கடை எங்கன இருக்குன்னு தேடிப் போயிருவாரு. சோத்துக்கு மீன் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லி விட்டா, மீன் படம் போட்ட புத்தகத்த வாங்கிட்டு வந்து நீட்டுன மனுசன். அதுலயும் எல்லா மீனுக்கும் கையால கலர் அடிச்சிருக்கு, நூறு வருசப் புத்தகம் புஷ்பம்ங்காரு. நான் வெறும் ரசத்த ஊத்தினேன்."

"அந்தப் புத்தகம்லாம் எங்கம்மா?"

"எடைக்குப் போட்டாச்சு. எல்லாம் போயாச்சு. பார்த்தா வயிறு எரிஞ்சுது, போட்டுட்டேன்."

எடைக்குப் போட்ட காகிதமெல்லாம் சுற்றிச்சுற்றிக் கடைசியில் மரியந்தோணி அண்ணாச்சியின் கிட்டங்கிக்குத்தான் வரும். அந்தக் கடைக்குள் நுழைந்தால் முதலில் உமி வாசனை, அப்புறம் பழைய காகிதத்தின் இனிப்பு நெடி, அப்புறம் இரண்டும் கலந்து, எடுக்க வந்தது என்ன என்பதையே மறக்கடிக்கிற ஒரு மயக்கம். நெல் அளக்கிற மரக்காலில் பஞ்சாங்கங்கள், சாக்குப் படுதாவுக்குப் பின்னால் அகராதிகள், உத்தரம் வரைக்கும் ஏணி; எந்தப் புத்தகத்தை உதறினாலும் ஒரு மயிலிறகோ, யாரோ யாருக்கோ எழுதி அனுப்பாமல் விட்ட கார்டோ, பாதி கிழித்த பஸ் டிக்கெட்டோ விழும். பள்ளிக்கூடம் விட்டதும் பெனினா அங்கே போய் ஒவ்வொரு தட்டாகத் தும்ம ஆரம்பித்தாள். வக்கீல்களைத் தும்மினாள், ஓதுவார்களைத் தும்மினாள், கணக்கு வாத்தியார்களை வரிசையாகத் தும்மித் தீர்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வபுஷ்பம் கழுத்தில் அளவு டேப்போடு வந்து ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து கேட்பாள். இல்ல. இல்ல. இது அந்த ஓவர்சியர். இல்ல. இரண்டு மாசத்தில் கிட்டங்கி முடிந்துபோயிற்று. சுக்குக் காப்பியாகக் குடித்ததில் பெனினாவுக்கு வாழ்நாள் பூராவுக்கும் வாயுத் தொல்லை வராது என்று ராசையா உத்தரவாதம் கொடுத்தார், அது ஒன்றுதான் லாபம்.

இந்த இடத்தில் ஞானசிகாமணி சார் வருகிறார். கூடவே அவருடைய குடையும் வருகிறது.

ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் ஞானசிகாமணி, அந்த வட்டாரத்திலேயே பெரிய பழைய புத்தகச் சேகரிப்பாளர் என்று பேரெடுத்தவர். இரண்டாயிரத்து நூற்று நாற்பது புத்தகம், ஒவ்வொன்றுக்கும் பிரவுன் பேப்பர் அட்டை, அட்டையில் பச்சை மையில் ஞா.சி. என்று சுருக்கெழுத்து. கல்யாண வீடு, சாவு விழுந்த துட்டி வீடு, கிரகப்பிரவேசம் எதுவானாலும் முதல் ஆளாகப் போவார்; போன இடத்தில் அலமாரியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார்; "ஒரு வாரத்துல தந்துருதேன்," என்று வாங்கிக்கொள்வார்; கொடுக்க யோசிக்கிற வீடு என்றால், "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி," என்பார். தண்ணி வருவதற்குள் மடக்கிய குடை கொஞ்சம் பருத்திருக்கும். வெயிலோ மழையோ அந்தக் குடையை அவர் விரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. பழைய புத்தகத்தைத் தூசி தட்டவே கூடாது, தூசிதான் அதற்கு வயசுச் சான்றிதழ் என்று மரியந்தோணி அண்ணாச்சிக்குப் பாடம் எடுத்து, இருபது வருஷமாகக் கடையில் துணியைத் தொடவிடாமல் செய்ததும் இந்த ஞானசிகாமணி சார்தான். அதன் பலனை இப்போது ஊரோடு சேர்ந்து அவரும் அனுபவிக்க வேண்டியதாயிற்று.

ஏனென்றால், கிளை நூலகத்தில் புதிதாக ஓர் அறை கட்டி, அதற்கு அவர் பேரை வைப்பதாகவும், அவர் புத்தகம் முழுவதையும் நன்கொடையாகக் கொடுப்பதாகவும் போன வருஷமே பேசி முடித்து, 'ஞானசிகாமணி நூல் அரங்கம்' என்று பலகையும் எழுதியாகிவிட்டது. இப்போது நூலகர் கோமதி மேடத்துக்கு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: நன்கொடையாகப் பெறப்படும் பழைய நூல்கள் அனைத்தும், நூற்றுக்கு இரண்டு வீதம், பொதுமக்கள் முன்னிலையில் தும்மல் சோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டும். சோதனையில் நன்கொடையாளர் குரல் வராத பட்சத்தில் நன்கொடை நிராகரிக்கப்படும். தும்மலுக்குத் தேவையான கோழி இறகு, மூக்குப்பொடி ஆகியவற்றை நூலகமே தருவித்துக்கொள்ளலாம்.

ஞானசிகாமணி சார் வீட்டுக் கதவு ஜன்னலெல்லாம் ஒரு வாரம் சாத்திக் கிடந்தது. உள்ளே அவர், தூசி தட்டாதே என்று ஊருக்குச் சொன்ன அதே மனுஷர், இரண்டாயிரத்து நூற்று நாற்பது புத்தகத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தால் தும்மல் வராமலா இருக்கும். தும்மித் தும்மி, தனியாகப் புலம்புகிற வழக்கமுள்ளவராதலால் ஒவ்வொரு குரலிலும் புலம்பினார். ஸ்டேஷன் மாஸ்டர், கோயில் பிள்ளை, காலமான தாசில்தார், நாலாம் வீட்டுக்காரி எல்லாரும் உள்ளே ரகசியக் கூட்டம் போடுவதாக அடுத்த வீட்டுக்காரர்கள் நினைத்து, தங்களைக் கூப்பிடவில்லையே என்று கோபித்துக்கொண்டார்கள். ஏழு நாளில் அவர் குரல் ஒரு தடவைகூட வரவில்லை. அதற்குக் காரணம் அவருக்கே தெரிந்திருந்தது. எந்தப் புத்தகம் யார் வீட்டில், எந்தத் தேதியில், எத்தனையாவது தட்டில் எடுத்தது என்பதை ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருக்கிற மனுஷருக்கு, எதைப் பார்த்தாலும் அவர்கள் முகம்தான் வந்தது. பச்சை மையால் எவ்வளவு அழுத்தி எழுதினாலும் ஒன்றுகூட நெஞ்சறிய அவருடையதாகவில்லை.

எட்டாம் நாள் காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பெனினாவை வழியில் நிறுத்தினார்.

"ஏம்மா பெனினா, என் குரல் உனக்கு வருமா?"

"ஏம்மா பெனினா, என் குரல் உனக்கு வருமா," என்றாள் பெனினா. வெற்றிலை போடாமலே வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பேசுகிற அந்தக் குரல் அப்படியே வந்தது. சார் தன் கன்னத்தைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

விஷயத்தைச் சொன்னார். சோதனைக்குத் தும்முகிற ஆளாக அவள் வரவேண்டும். பொய்த் தும்மல் போட்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அவர் குரலில், "இந்தப் புத்தகம் என்னுது," என்று சொல்லவேண்டும். தூசியெல்லாம் துடைத்தாயிற்று, நிஜத் தும்மல் வராது.

"நான் எதுக்கு சார் செய்யணும்? மாட்டுனா எங்கம்மா டேப்பாலயே வெளுத்துருவா."

ஞானசிகாமணி சார் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். இரண்டு பக்கமும் பார்த்தார். "காரியம் முடியட்டும். உங்கப்பா குரல் எப்படி இருக்கும்னு நான் உனக்குக் காட்டுதேன்."

பெனினா அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் யார் குரலிலும் பேசவில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்று டீச்சர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நூலகக் குழுவில், மிமிக்ரி பண்ணுகிற பிள்ளையைப் போய்ச் சோதனைக்கு வைக்கலாமா என்று ஒருவர் கேட்கத்தான் செய்தார். ஞானசிகாமணி சார் எழுந்து, ஊரிலுள்ள எல்லார் குரலும் தெரிந்த ஆளுக்குத்தான் வந்தது யார் குரல் என்று பிழையில்லாமல் அடையாளம் சொல்ல முடியும், மேலும் அந்த வீட்டில் பாடப்புத்தகம் தவிர ஒரு புத்தகமும் கிடையாது, பாரபட்சத்துக்கே இடமில்லை என்றார். இது கேட்க மிகவும் சட்டபூர்வமாக இருந்ததால் எல்லாரும் தலையாட்டினார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நூலக வாசலில் பந்தல். கோழி இறகு ஒரு தட்டில், பொடி டப்பா ஒரு தட்டில், ராசையாவின் சுக்குக் காப்பி அண்டாவில். ஊரே வந்திருந்தது. கடைசி வரிசையில் செல்வபுஷ்பம், டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே வந்து உட்கார்ந்திருந்தாள். கோமதி மேடம் புத்தகத்தை எடுத்து நீட்ட நீட்ட, பெனினா இறகை மூக்கில் விட்டுக்கொண்டு, தும்மலிலும் ஒன்றுபோல் ஒன்று இருக்கக்கூடாது என்ற தொழில் நேர்மையோடு, பூனைத் தும்மல், எருமைத் தும்மல், வந்து வந்து வராமல் போகிற தும்மல், கல்யாணப் பந்தலில் அடக்கிய தும்மல் என்று வகைவகையாகப் போட்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் வெற்றிலைக் குரலில், "இந்தப் புத்தகம் என்னுது," என்றாள்.

"அது என்னோடது மாதிரில்லா இருக்கு," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர் முதல் வரிசையில்.

"தும்மலே சொல்லியாச்சு, நீங்க சும்மா இருங்க," என்றாள் அவர் மனைவி. "உங்களுக்கு உங்க குரலே தெரியல, புத்தகமா தெரியும்."

நாற்பத்திரண்டு புத்தகமும் தேறின. கைதட்டினார்கள். ஞானசிகாமணி சார் முகத்தில் பலகையில் எழுதின பேர் அப்படியே ஒளிவிட்டது. கோமதி மேடம் சான்றிதழில் கையெழுத்துப் போடக் குனிந்தார். பந்தல் கீற்றில் இருந்த ஓட்டை வழியாக வெயில் அவர் கண்ணில் நேராக விழுந்தது. "சார், ஒரு நிமிசம்," என்று அவர், பக்கத்தில் சார் சாய்த்து வைத்திருந்த குடையை எடுத்து விரித்தார்.

ஊரில் யாரும் விரித்துப் பார்த்திராத அந்தக் குடைக்குள்ளிருந்து ஒரு புத்தகம் தொப்பென்று மேஜையில் விழுந்தது. பிரவுன் பேப்பர் அட்டை போட்டிருந்தது, ஆனால் பச்சை மை இல்லை. துடைக்கவும் இல்லை, விழுந்த வேகத்தில் பதினைந்து வருஷத் தூசி புகையாக எழுந்தது.

"இது லிஸ்ட்ல இல்லயே," என்றார் மேடம்.

"அது வேண்டாம் மேடம்," என்றார் ஞானசிகாமணி சார், வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு புத்தகத்தைப் பார்த்து வேண்டாம் என்று. "அது நன்கொடைக்கு இல்ல. அது வேற ஒரு ஆளுக்குக் கொடுக்க வச்சிருக்கேன். இன்னைக்கே கொடுக்கணும்னுதான்…"

"இருக்கட்டும். சோதனைன்னா எல்லாத்துக்கும் சோதனை." மேடம் புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். பிரித்த பக்கத்தில் ஒரு மீன், கையால் தீட்டிய நீலத்தோடு, நூறு வருஷமாக ஈரம் காயாததுபோல் கிடந்தது. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது.

பெனினா இறகை எடுக்கப் போனாள், அதற்குள் தும்மல் வந்துவிட்டது. பூனையுமில்லை எருமையுமில்லை, அவளுடைய சொந்தத் தும்மல். நாற்பத்திரண்டு தடவை சொல்லிப் பழகின நாக்கு தானாகவே சொல்லிற்று:

"இந்தப் புத்தகம் என்னுது."

தகர டப்பாவுமில்லை, தேனுமில்லை. லோடு ஏற்றின லாரி மேட்டில் கியர் மாற்றும்போது ஒரு சின்னத் தடங்கல் தட்டி, பிறகு விட்டுக்கொடுத்துப் போகுமே, அப்படி ஒரு குரல். நூற்றுப் பன்னிரண்டு குரலை வைத்திருந்த பெனினாவுக்கு அது யாரென்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதிலிருந்தே தெரிந்தது.

"இது சார் குரல் இல்லயே," என்றார் கோமதி மேடம். "யாரும்மா இது?"

பெனினா கடைசி வரிசையைப் பார்த்தாள். செல்வபுஷ்பம் எழுந்து நின்றிருந்தாள். இத்தனை வருஷமாக ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லை அவள் சொல்லவில்லை.

"தண்ணி கேட்டாரு," என்றாள் செல்வபுஷ்பம், பந்தல் முழுக்கக் கேட்கும்படி, ஞானசிகாமணி சாரைப் பார்த்து. "துட்டி வீட்டுல, பொணம் கிடக்கையில, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாம்மான்னு கேட்டாரு. நான் போய் மோந்துட்டு வந்தேன்."

அதற்கப்புறம் இறகுக்கு அடிதடியாயிற்று. துடைத்த புத்தகங்களின் மடிப்பு இடுக்குகளில் மிச்சமிருந்த தூசியை ஆளாளுக்கு ஊதித் தும்ம, பந்தலுக்குள் ஊரிலுள்ள எல்லார் குரலும் இடம் மாறிப் பேச ஆரம்பித்தன. ஸ்டேஷன் மாஸ்டர் தன் புத்தகத்தைத் தும்மி நிரூபித்து, "பாத்தியா," என்று மனைவியிடம் சொன்னார். அதோடு நின்றிருந்தால் ஞானசிகாமணி சார் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் ருசி கண்ட ஊர், ஆளுக்கொரு பக்கம் ஓடி, வீட்டிலிருந்த புத்தகங்களையும் கொண்டுவந்து தும்மிற்று. மங்களத்தம்மாளின் பக்திப் புத்தகம் நாலாம் வீட்டுக்காரி குரலில் பேசிற்று. நாலாம் வீட்டுக்காரியின் சமையல் புத்தகம் தலைமையாசிரியை குரலில் பேசிற்று. தலைமையாசிரியை ஒரு கனமான அகராதியைத் தும்மிவிட்டு, கோமதி மேடத்தின் குரலில், "அது வந்து," என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பங்குச்சாமியார் கொண்டுவந்ததை மட்டும் தும்மாமல் அங்கிக்குள் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். மத்தியானத்துக்குள், இரவல் வாங்காத வீடு கண்ணாடிக்குளத்தில் ஒன்றுகூட இல்லை என்பது ஆதாரத்தோடு நிரூபணமாயிற்று.

மேஜையடியில் உட்கார்ந்திருந்த ஞானசிகாமணி சார், "நான் ஒண்ணையும் விக்கல, ஒரு தாளைக் கிழிக்கல," என்றார். "எல்லாத்தையும் ஒரு வாரத்துல தந்துருதேன்."

பந்தலே சிரித்தது. அவரும் கடைசியில் சிரித்துவிட்டார். ஆளுக்கு ஆள் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தால் ஊரில் ஒரு மாசம் வேறு வேலை நடக்காது என்பதால், எல்லாப் புத்தகத்தையும் புது அறையிலேயே போட்டுவிடுவதென்று முடிவாயிற்று. எழுதின பலகையை வீணாக்குவானேன் என்று பெயிண்டரைக் கூப்பிட்டு, பேருக்குப் பின்னால் இருந்ததை மட்டும் அழித்து எழுதச் சொன்னார்கள். இன்றைக்கும் அங்கே 'ஞானசிகாமணி கைவசம் இருந்த நூல்கள்' என்றுதான் இருக்கிறது. பார்த்துக்கொள்வதற்கு அவரையே வைத்திருக்கிறார்கள். குடையை மட்டும் வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போகவேண்டும்.

ஆனால் அதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது பெனினா அங்கே இல்லை. அவளைச் செல்வபுஷ்பம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ராசையாவின் டீக்கடை பெஞ்சுக்கு வந்துவிட்டாள். மடியில் மீன் புத்தகம். ராசையா கேட்காமலே ஒரு தம்ளர் சுக்குக் காப்பியை ஆவி பறக்கக் கொண்டுவந்து நீட்ட, அதைச் செல்வபுஷ்பம் வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"குடுங்கம்மா, குடிக்கட்டும்," என்றார் ராசையா.

"பொறுங்க," என்றாள் செல்வபுஷ்பம். பெனினாவைப் பார்த்து உட்கார்ந்தாள். "ஏதாவது சொல்லுங்க."

"என்ன சொல்ல?" என்றாள் பெனினா, அந்தக் குரலில்.

"என்ன சொல்லவா?" என்று பிடித்துக்கொண்டாள் அம்மா. "மேட்டுல போகும்போது வண்டியச் செக் பண்ணிட்டு ஏறுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனா இல்லயா? கேட்டியளா? மீன் வாங்கிட்டு வாங்கன்னா மீன் வாங்கணும். படமா வாங்குவாவ? பிள்ளைக்குப் பல்லு மொளைக்கதுக்குள்ள போயிட்டியள, அவளுக்கு மொத மொளச்சது மேல் பல்லு, மாமனுக்கு ஆகாதுன்னாவ, அந்தப் பேச்சையும் நான்தான் கேட்டேன். மெஷின் மோட்டார் ரெண்டு தடவ எரிஞ்சு போச்சு. உங்க தங்கச்சி கல்யாணத்துல எனக்குச் சேலை எடுக்கல, தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுட்டி," என்றது குரல்.

"எப்படித் தெரியும்?"

பதினைந்து வருஷத்து வசவு. அதை வரிசை மாறாமல், ஒன்றுவிடாமல், அடுக்கி வைத்திருந்த இடத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவள் போட, பெனினா தலையைக் குனிந்து, செய்யாத தப்புக்கெல்லாம், "சரிட்டி," "விடுட்டி," என்று அந்தத் தடங்கல் குரலில் பதில் சொல்லிக்கொண்டேயிருந்தாள். காப்பி ஆறிற்று. "சுட வச்சுத் தாங்க," என்று நீட்டினாள் செல்வபுஷ்பம். ராசையா சுடவைத்துக் கொடுத்தார். அதையும் கையிலேயே வைத்துக்கொண்டு, லாரி முதலாளி வீட்டில் பேசினது, ஆஸ்பத்திரியில் காத்திருந்தது எல்லாம் சொன்னாள். அதுவும் ஆறிற்று. மூன்றாவது தடவை சுடவைத்துக் கொடுத்தபோது அவளிடம் சொல்வதற்கு மிச்சமில்லை. புத்தகத்தைப் பிரித்து, ஒரு மீனை விரலால் தடவி, "கலர் நல்லாத்தான் அடிச்சிருக்கான்," என்றாள்.

அப்புறம் தம்ளரை மகளிடம் நீட்டினாள்.

பெனினா குடித்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்தாள். தொண்டையில் ஏதோ லேசாகி இறங்கியது.

"போயிட்டாரா?" என்றாள் அம்மா, தம்ளரைப் பார்த்துக்கொண்டு.

பெனினா தொண்டையைச் செருமினாள். கொஞ்சம் யோசித்தாள். மேட்டில் ஏறுகிற வண்டியை, கியர் தட்டுகிற இடத்தை நினைத்துக்கொண்டாள். "எங்கட்டி போக," என்றாள். "இங்கனதான் இருக்கேன். சோறு ஆயிட்டா?"

செல்வபுஷ்பம் கண்ணை மூடிக் கேட்டாள். வழக்கமாகச் சொல்கிற சொல் உதட்டுக்கு வந்து, அங்கேயே நின்று, திரும்பி உள்ளே போயிற்று.

"இன்னும் கொஞ்சம் கரகரப்பு வேணும்," என்றாள். "இன்னொரு தடவ சொல்லு."